இயற்கையிலிருந்து ஓர் ஆடைத் தொகுப்பு: கொங்குநாட்டு ஃபேஷன் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இறுதியாண்டில் கலெக்‌ஷன் செய்யச் சொன்னதும் நிறையப் பேர் எடுக்கும் தலைப்பு இயற்கைதான். நூற்பாலை, நிட்டிங், கைத்தறி, சாயப்பட்டறை எல்லாம் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கும் கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாணவர்களை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை.

தலைப்பு 'இயற்கை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அது போதுங்களா?

போதாது. 'இயற்கை', 'காடு', 'மலர்கள்' எல்லாம் தலைப்பு ஆகா. அவற்றை இணையத்தில் தேடினால் எல்லாருக்கும் ஒரே படங்கள்தான் வரும். வாழைத் தோட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவர் மான்ஸ்டிரா என்ற வெளிநாட்டுச் செடியின் இலை அச்சடித்த சட்டையோடு வந்து நிற்பது இப்படித்தான். ஒரு செடி, ஒரு குளம், ஒரு பூச்சி என்று சுருக்குங்கள். நேரில் பார்த்து, செல்போனைத் தொடாமல் அதைப் பற்றி இருபது விவரம் எழுத முடிந்தால் தலைப்பு தேறிவிட்டது. ஐந்தோடு நின்றுவிட்டால் இன்னும் ஒருமுறை போய்ப் பாருங்கள், அல்லது வேறு பொருளைத் தேடுங்கள்.

எங்கே போய்ப் பார்ப்பது?

முதலில் வீட்டு வேலி. அடுத்து குளங்கள்: கோவையில் சிங்காநல்லூர் குளம், திருப்பூரில் நஞ்சராயன் குளம், ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு. வெள்ளோடு 2022-லும் நஞ்சராயன் 2024-லும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. வலசைப் பறவைகளைப் பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். செடியின் பெயரும் உறுப்புகளும் சரியாகத் தெரிய வேண்டுமென்றால், கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்குக் கல்லூரிக் கடிதத்தோடு போகலாம். உலர்த்தி ஒட்டிய செடிகளின் பெருந்தொகுப்பான மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான் இருக்கிறது.

காப்புக்காட்டுக்குள் போய் இலை, பட்டை, விதை எதையும் பறித்து வராதீர்கள். அனுமதி இல்லாமல் எடுப்பது குற்றம். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். நிறத்துக்கு நூல் கடை ஷேடு கார்டைக் கையோடு கொண்டுபோய், நிழலில் பூவின் மேல் வைத்து ஒப்பிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் எடுத்த போட்டோவில் மஞ்சளின் சாயலே மாறிப்போகும். திரையில் பார்த்துச் சாயம் சொன்னால் வந்து சேரும் துணி வேறு நிறத்தில் இருக்கும்.

பார்த்ததை ஆடையாக மாற்றுவதுதான் வரமாட்டேங்குது. ஓர் உதாரணம் சொல்லுங்க.

போகியன்று வீட்டு எறவாரத்திலும் தொண்டுப்பட்டியிலும் (மாடு கட்டும் இடம்) செருகும் காப்புக்கட்டை எடுத்துக்கொள்வோம். ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை. மூன்றையும் வரைந்து துணியில் அச்சடிப்பது சுலபமான வழி. அதனாலேயே அது சுவாரசியம் இல்லாத வழி. மூன்றிடமும் வெவ்வேறு வேலை வாங்குங்கள்.

ஆவாரையிடம் நிறத்தையும் ஒரு வடிவத்தையும் எடுக்கலாம். மஞ்சள் இதழில் ஆரஞ்சு கலந்த பழுப்பு நரம்புகள் ஓடும். ஆகவே வெறும் மஞ்சள் போதாது, நூல் தடிமனில் பழுப்புக் கோடும் வேண்டும். இலைக்காம்பின் அடியில் சிறுநீரக வடிவில் அகன்ற ஓர் உறுப்பு காம்பைத் தழுவி நிற்கும். பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. காலருக்கும் பாக்கெட் மூடிக்கும் அப்படியே பொருந்தும் வடிவம் அது.

பூளையிடம் எடுக்க வேண்டியது மேற்பரப்பு. செடி முழுக்க வெண்மையான மென்மயிர், கதிர் கதிராகப் பஞ்சு போன்ற பூ. உடனே ரைசிங் செய்த, அதாவது இழையைக் கிளப்பிப் பஞ்சாக்கிய, ஃபிளீஸ் துணி நினைவுக்கு வரும். சித்திரை மாதக் கோவையில் அதை யார் போடுவார்கள்? வால்பாறைக்கோ ஏற்றுமதிக்கோ என்றால் சரி. உள்ளூர் உடைக்கு ஸ்லப் நூல் (தடிமன் சீராக இல்லாத நூல்) ஜெர்சி, வாஃபிள் அல்லது டெர்ரி எடுத்து, யோக்கில் (தோளை ஒட்டிய துண்டு) மட்டும் முடிச்சுத் தையல் நெருக்கமாகப் போடுங்கள்.

வேம்பிடம் எடுக்க வேண்டியது வெட்டு. சிற்றிலையின் நடுநரம்புக்கு இரு பக்கமும் சமமாக இருக்காது. அடிப்பகுதி கோணலாக இருக்கும், முழு இலையும் அரிவாளாக வளையும். அதே வளைவை முன்பக்கத் திறப்புக்கோ கீழ் ஓரத்துக்கோ கொடுத்தால் ஆடையில் வேப்பிலைப் படம் எதுவும் தேவையில்லை.

நிறம் ஒன்றிடம், பரப்பு ஒன்றிடம், கோடு ஒன்றிடம் என்று பிரித்துவிட்டால் தொகுப்பின் எல்லா ஆடைகளும் தாமாகவே ஒரு குடும்பமாகும். மூன்றையும் ஒரே சட்டையில் திணிக்காதீர்கள்.

பனை ஓலை மடிப்பை ஸ்கர்ட்டில் கொண்டுவந்தேன். ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி ஆயிடுச்சு. ஏன்?

கத்தி மடிப்பு போட்டிருப்பீர்கள். அதில் மடிப்பின் அகலம் மேலும் கீழும் ஒன்றே. பனை ஓலையில் மடிப்புகள் மட்டையருகே ஒடுங்கி, நுனிக்குப் போகப் போக விரியும். அதற்குச் சன்ரே மடிப்பு வேண்டும், அதை வட்டம் அல்லது அரைவட்டமாக வெட்டிய துணியில்தான் போட முடியும்.

வட்டத் துணியின் சில பகுதிகள் பயாஸில் (இழைக்குச் சாய்வாக) தொங்கி நீளும். ஆகவே வெட்டியதும் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டு, தரையிலிருந்து அளந்து கீழ் ஓரத்தைச் சமப்படுத்தி, மெல்லிசாக மடித்துத் தைத்த பிறகே பிளீட்டிங்குக்குக் கொடுங்கள். இந்தப் படியைத் தாண்டிவிட்டு, மடிப்பு வந்தபின் ஓரத்தை வெட்ட முயன்றால் பல்பல்லாக நிற்கும்.

துணியும் முக்கியம். காகித அச்சுக்கு நடுவில் வைத்து ஆவியில் மடிப்பு ஏற்றினாலும் 100 சதவீதப் பருத்தியில் அது முதல் துவைப்போடு போய்விடும். பாலியஸ்டர் சூட்டில் இளகி, ஆறியதும் அந்த வடிவத்திலேயே நிற்கும். பாலியஸ்டர் பாதிக்கு மேல் உள்ள கலப்பிலும் ஓரளவு நிற்கும். பருத்திதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் 1 முதல் 2 மில்லிமீட்டரில் ஓரத் தையல் ஓட்ட வேண்டும். வேலை அதிகம், ஆனால் ஓலையின் ஈர்க்குப் போலவே தெரியும். நேர் மடிப்பே போதும் என்பவர்களுக்குக் கணக்கு: முடிந்த அளவைப் போல மூன்று மடங்கு துணி. இடுப்பு 72 செ.மீ. என்றால் 216 செ.மீ., அதற்கு மேல் தையலுக்கு 3 செ.மீ.

எத்தனை ஆடை செய்ய வேண்டும்?

உங்கள் கல்லூரி சொல்லும் எண்ணிக்கை. பொதுவாக ஐந்து அல்லது ஆறு. ஆறுக்கு முப்பது ஸ்கெட்ச்சாவது வரைந்து கழியுங்கள்.

திருப்பூரில் 3 கிலோ துணி கேட்டால் யாரும் கொடுக்க மாட்டேங்கறாங்க. என்ன செய்ய?

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வட்டப் பின்னல் மெஷினில் ஒரு ரோல் இறங்கினாலே ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ. உங்கள் நிறத்துக்காக ஒரு சாயத் தொட்டியைத் தனியாக ஓட்டவும் முடியாது. எனவே துணியைப் பார்த்துவிட்டு வரையுங்கள். வரைந்துவிட்டுத் துணி தேடுகிறவர்கள் கடைசி வாரத்தில் கிடைத்ததை வாங்கித் தைக்கிறார்கள்.

காதர்பேட்டையில் மிச்சத் துணி எடைக்குக் கிடைக்கும். நான்கு விஷயம் பாருங்கள். ஒன்று, அந்த லாட் முடிந்தால் அதே நிறம் மறுபடி கிடைக்காது. மொத்தத் தேவையோடு 15 சதவீதம் கூட்டி ஒரே நாளில் வாங்குங்கள். இரண்டு, நிறத்தைக் கடை விளக்கில் பார்க்காமல் வெளியே கொண்டுவந்து பாருங்கள். மூன்று, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிக் கோடு, ஓட்டை, எண்ணெய்க் கறை தெரியும். நான்கு, ஓரத்து நூலைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி, உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர்.

வெட்டுவதற்கு முன் 50 செ.மீ. சதுரம் குறித்து மூன்று முறை துவைத்து அளந்துவிடுங்கள். நீளவாட்டில் 50 செ.மீ. 47 ஆனால் 6 சதவீதச் சுருக்கம்; பேட்டர்னில் அதைக் கூட்டியாக வேண்டும். சதுரம் சாய்சதுரமாகிவிட்டால் அது முறுக்கு. அந்தத் துணியில் டி-சர்ட் தைத்தால் பக்கத் தையல் வயிற்றுக்கு வந்து நிற்கும். பக்கத் தையல் இல்லாத டிசைனுக்கோ சிறு பாகங்களுக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

மாதிரி தைப்பதிலும் ஒரு கவனம். தறித் துணி ஆடைக்கு ஈரோட்டுக் காடாத் துணியில் மாதிரி தைக்கலாம். பின்னல் ஆடைக்குக் காடாவில் தைத்துப் பார்ப்பது வீண், இழுவை வேறு. அதே ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) உள்ள மட்டமான பின்னல் துணியில் தையுங்கள்.

கைத்தறியில் என் டிசைனை நெய்து வாங்க முடியுமா?

முழுவதும் முடியாது, பாதி முடியும். பாவு (நெடுக்கு இழை) நீளமாக ஓட்டித் தறியில் ஏற்றுவது. மூன்று மீட்டருக்காக யாரும் புதுப் பாவு ஓட்டமாட்டார்கள். ஏற்கெனவே தறியில் இருக்கும் பாவைப் பார்த்து, ஊடையை (குறுக்கு இழை) மட்டும் உங்கள் நிறத்துக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். வெள்ளைப் பாவில் பழுப்பும் மஞ்சளும் ஊடையாக மாறி மாறி விழுந்தால் குறுக்குப் பட்டை வரும், நெடுக்குப் பட்டை வராது. சென்னிமலை, நெகமம், சிறுமுகை என்று ஒவ்வோர் ஊரிலும் தறியில் இருக்கும் நூலும் அகலமும் வேறு. போய்ப் பார்த்து அளந்துவிட்டே பேட்டர்ன் போடுங்கள். பவானி ஜமக்காளம் உடைக்கு மிகவும் கனம். பையாகவோ கோட்டில் ஒரு பாகமாகவோ பயன்படுத்தலாம்.

இயற்கைச் சாயம் வீட்டிலேயே போட அளவு சொல்லுங்க.

அரைக் கிலோ பருத்தித் துணிக்குச் சொல்கிறோம். 150 ஜி.எஸ்.எம்., 1.2 மீட்டர் அகலத் துணியில் இது ஏறத்தாழ 2.8 மீட்டர். எல்லா அளவும் காய்ந்த துணியின் எடையைப் பொறுத்தது. வேறு எடைக்கு அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். எவர்சில்வர் அண்டா வேண்டும். இரும்புச் சட்டியில் போட்டால் நிறம் மங்கும். அந்த அண்டாவை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

முதலில் கோராத் துணியின் (வெளுக்காத துணி) மெழுகையும் கஞ்சியையும் நீக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சோடா ஆஷ், சிறிது சோப்பு ஆயில் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். அலசிக் காயவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஐந்து நொடிக்குள் உறிஞ்ச வேண்டும். மணியாக நின்றால் இன்னொரு முறை கொதிக்கவிடுங்கள்.

அடுத்து கடுக்காய்த் தூள் 75 முதல் 100 கிராம், 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து இரவு முழுக்க ஊறவிடுங்கள். பிழிந்து, அலசாமல், நிழலில் உலர்த்துங்கள். சாயத்தைத் துணியில் பிடித்து வைப்பது படிகாரம்; பருத்தி அதைத் தானாகப் பிடித்துக்கொள்ளாது. கடுக்காயின் துவர்ப்புதான் பிடித்து வைக்கும்.

பிறகு படிகாரம் 75 கிராம். வெந்நீரில் முழுக்கக் கரைத்து, 60 டிகிரியில் ஒரு மணி நேரம். லேசாக ஒரு முறை மட்டும் அலசுங்கள்.

கடைசியாகச் சாயம். உலர்ந்த செண்டுமல்லி 250 முதல் 500 கிராம், ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துத் துணியில் வடிகட்டுங்கள். ஆயுத பூஜைக்குப் பிறகு இந்தப் பூ குப்பையில்தான் கிடக்கும், அள்ளி வந்து நிழலில் உலர்த்தி வையுங்கள். நனைத்த துணியைச் சாயம் வெதுவெதுப்பாக இருக்கும்போது போட்டு, மெதுவாக 80 டிகிரி வரை ஏற்றி, 45 நிமிடம் திருப்பிக்கொண்டே இருங்கள். ஆறும்வரை சாயத்திலேயே விட்டு எடுத்து அலசி நிழலில் உலர்த்துங்கள்.

பச்சை கலந்த ஆலிவ் நிறம் வேண்டுமானால், சாயம் ஏறிய துணியை 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்) கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் போடுங்கள். 10 கிராமுக்கு மேல் போகாதீர்கள், இரும்பு கூடினால் பருத்தி நைந்துபோகும்.

திட்டுத் திட்டாக வருகிறது. அப்புறம் அதே அளவு போட்டும் தோழிக்கு வந்த நிறம் எனக்கு வரவில்லை.

திட்டுக்குக் காரணங்கள்: கஞ்சி முழுதும் போகாதது, காய்ந்த துணியை அப்படியே சாயத்தில் போட்டது, அண்டாவில் துணி நெருக்கியது, படிகாரக் கட்டி கரையாமல் இருந்தது. படிகாரம் ஏற்றிய துணியைச் சொட்டச் சொட்ட வெயிலில் போட்டால் ஓரங்களில் கோடு விழும்.

நிற வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, நம் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணமும் அதிகம், சில இடங்களில் இரும்பும் உண்டு. ஆறு ஆடைக்குமான துணியை ஒரே தண்ணீரில், முடிந்தால் ஒரே நாளில் போடுங்கள்.

ஈரோட்டு மஞ்சள் இருக்கும்போது செண்டுமல்லி எதற்கு?

மஞ்சள் ஏறும்போது கண்ணைப் பறிக்கும், வெயில் பட்டால் சீக்கிரம் வெளுக்கும். சோப்பின் காரம் பட்ட இடமெல்லாம் சிவக்கும். ராம்ப் வாக் ஒரு நாளுக்குப் போதும், விற்கும் ஆடைக்கு வேண்டாம். எந்தச் சாயமானாலும் சோதித்துவிடுங்கள். ஒரு பட்டையை வெள்ளைத் துணியோடு தைத்துத் துவையுங்கள். இன்னொன்றைப் பாதி கறுப்புக் காகிதத்தால் மூடி ஒரு வாரம் வெயில் படும் ஜன்னலில் வையுங்கள். அறிக்கை தேவையென்றால் கோவையில் 1956 முதல் இயங்கும் சிட்ரா (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) போன்ற ஆய்வகத்தில் சோதனைக்குக் கொடுக்கலாம். துவைப்புக்கு 1 முதல் 5 வரையும் வெளிச்சத்துக்கு 1 முதல் 8 வரையும் மதிப்பெண். இரண்டிலும் பெரிய எண்ணே நல்லது.

இயற்கைச் சாயம் என்றால் மாசே இல்லைதானே?

ஜூரியிடம் இப்படிச் சொல்லாதீர்கள். மயில்துத்தமும் (காப்பர் சல்ஃபேட்) குரோமும் நிறத்தை நன்றாகப் பிடிக்கும், ஆனால் வடிநீரில் கன உலோகம் போகும். அதனால்தான் மேலே படிகாரத்தோடும் கொஞ்சம் இரும்போடும் நிறுத்தினோம். நொய்யல் மாசுக்காக 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியேற்றாத சுத்திகரிப்பு கட்டாயமானதும் தெரியாமல் இந்த ஊரில் 'பசுமை' என்று பேச முடியாது. சுத்திகரிப்போடு ஓடும் பட்டறையில் முறையாகப் போட்ட ரியாக்டிவ் எனும் ரசாயனச் சாயம், சாக்கடையில் கொட்டும் வீட்டுச் சாயத்தைவிட மோசம் என்று சொல்லிவிட முடியாது. 'மூங்கில் துணி' விஷயமும் இதே. கடையில் கிடைப்பது பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த விஸ்கோஸ். வேண்டுமானால் வாங்குங்கள், விஸ்கோஸ் என்றே எழுதுங்கள்.

இலையையே துணியில் பதிக்கலாமா?

பதிக்கலாம். இதற்குக் கடுக்காய் வேண்டாம், கடுக்காய் ஏறிய துணியில் இரும்பு பட்டால் முழுக்கச் சாம்பல் நிறமாகும். படிகாரம் மட்டும் ஏற்றிய ஈரத் துணியில், லிட்டருக்கு 3 கிராம் அன்னபேதி கலந்த தண்ணீரில் நனைத்த இலையை நரம்புப் பக்கம் கீழாக வைத்து, குழாயில் இறுக்கிச் சுற்றி, சணலால் நெருக்கமாகக் கட்டி, ஒன்றரை மணி நேரம் ஆவியில் வையுங்கள். முழுக்க ஆறியபின் பிரியுங்கள். யூக்கலிப்டஸ், தேக்கின் இளந்தளிர், மாதுளை இலை நன்றாகப் பதியும். தடித்த மெழுகு இலைகள் பதியாது. உருவம் கலங்கினால் கட்டு தளர்ந்திருக்கும், அல்லது ஆவி நீர் சொட்டியிருக்கும். வெளியே பாலித்தீன் சுற்றுங்கள்.

பிரிண்ட்டுக்கு ஃபைல் கொடுக்கும்போது?

சில மீட்டருக்கு டிஜிட்டல்தான் கட்டும். ஆனாலும் ரிப்பீட்டை (டிசைன் மறுபடி தொடங்கும் நீளம்) ரோட்டரி எனும் உருளை அச்சுக்குப் பொருந்துமாறு போட்டுப் பழகுங்கள். வழக்கமான ரோட்டரி ஸ்கிரீனின் சுற்றளவு 64 செ.மீ., ஆகவே ரிப்பீட் 64, 32, 16 என்று அதில் மீதியின்றி வகுபட வேண்டும். இலைகளை நேர் வரிசையில் வைத்தால் தூரத்தில் கோடாகத் தெரியும், அடுத்த வரிசையைப் பாதி ரிப்பீட் இறக்கி, அரை இறக்கமாக அடுக்குங்கள். பின்னல் துணியைக் காம்பாக்டிங் (முன்கூட்டியே சுருக்கி வைப்பது) முடித்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் துவைத்ததும் வட்டப் பூ நீள்வட்டமாகிவிடும்.

தோடர் பூத்தையலையோ ஜமக்காளப் பட்டையையோ பிரிண்ட் அடிக்கலாமா?

வேண்டாம். இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. அச்சடித்ததை அந்தப் பெயரில் காட்டினால் சட்டச் சிக்கல் வரும், பெயர் சொல்லாமல் எடுத்தால் திருட்டு. தோடர் தையல் வேண்டுமென்றால் அவர்களிடமே தைத்து வாங்கி, கூலியைக் காஸ்ட் ஷீட்டில் (செலவுக் கணக்குத் தாள்) காட்டுங்கள்.

மயில் இறகு? எங்க தோட்டத்துலயே நிறைய கிடக்குதுங்க.

தானாக உதிர்ந்த தோகையை உள்நாட்டில் விற்க 1972 வன உயிரினச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஏற்றுமதிக்குத் தடை. உதிர்ந்ததா பிடுங்கியதா என்று நீங்கள்தான் விளக்க வேண்டிவரும். அந்தத் தலைவலிக்குப் பதில் தோகைக் கண்ணின் நிற வரிசையை எம்பிராய்டரியில் கொண்டுவாருங்கள்.

காஸ்ட் ஷீட்டில் துணி எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது?

அரைக்கை டி-சர்ட்டுக்கு: உடல் நீளம், கை நீளம், தையல் மடிப்பு மூன்றையும் கூட்டி, அதை அரை மார்பளவு மற்றும் அதன் தையல் அளவால் பெருக்கி, 2-ஆலும் ஜி.எஸ்.எம்.மாலும் பெருக்கி, ஒரு கோடியால் வகுத்தால் கிலோ வரும். செ.மீ.யில் 70, 22, 10 கூட்டினால் 102. அரை மார்பு 52-உம் தையல் 3-உம் சேர்ந்து 55. 160 ஜி.எஸ்.எம். துணிக்கு 0.18 கிலோ. வெட்டுக் கழிவு 10 சதவீதம் சேர்த்து 200 கிராம் என்று எழுதுங்கள். வேப்பிலை வளைவு போன்ற கோணல் வெட்டுக்குக் கழிவு கூடும். காகிதத்தில் மார்க்கர் (பாகங்களைத் துணி அகலத்தில் அடுக்கும் வரைபடம்) போட்டு அளந்து எழுதினால்தான் நம்புவார்கள்.

காலம் எங்கே அதிகம் போகும்?

தையலைவிட, வெளியே கொடுத்து வாங்கும் ஜாப் ஒர்க்குக்குக் காத்திருப்பதில். பிளீட்டிங், பிரிண்ட், எம்பிராய்டரி, காஜா நான்கும் வேறு வேறு இடம். தீபாவளிக்கு முன் யாருக்கும் உங்கள் ஒற்றைப் பீஸைத் தொட நேரமிருக்காது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பிறகு ஆட்கள் ஊரிலிருந்து திரும்பச் சில நாளாகும். ஒவ்வொரு வேலைக்கும் சொன்ன தேதியோடு ஒரு வாரம் கூட்டிப் போடுங்கள். கொடுக்கும்போது ஸ்பெக் ஷீட்டின் (அளவு விவரத் தாள்) நகலைத் துணியோடு சேர்த்துப் பின் குத்திக் கொடுங்கள். வாயால் சொன்ன அளவு டேபிள் மாறும்போது மாறிவிடும்.